டயகமவில் ஒரு தூணும் பதினோரு கற்களும்

காலை 6.40. தலவாக்கலையிலிருந்து டயகம பஸ் புறப்பட்டது. முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் லிந்துலை, அக்கரப்பத்தனை என்று வளைந்து ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். டயகமவுக்குப் பக்கத்தில் என் சித்தி தேயிலைக் கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் அன்று ஒரு நினைவுத் தூண் திறப்பு. சுதந்திரம் கிடைத்த கையோடு எங்கள் தோட்டத் தமிழ் ஆட்களின் குடியுரிமையைப் பறித்து, பிறகு லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய நாடு, அதை நினைத்து எழுப்பிய தூண்.

"தூண் பாக்கவா மிஸ் போறீங்க?" என்று டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.

"ஆமாங்க."

"நேத்தே ரெண்டு ஜீப்பு போச்சு. ஒண்ணுல சர்வேயரு. தூணுக்கு எதுக்குங்க சர்வேயரு?"

அக்கரப்பத்தனை தாண்டியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

8.20. சித்தி லயத்தில், அந்த வரிசை வீடுகளில் தன் வாசலில், நல்ல சேலையுடன் நின்றார். கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனார். அங்கே அவருடைய கரட், லீக்ஸ் பாத்திகள். அவற்றின் மேல் ஓரத்தில் புதிய கொங்கிறீட் கற்கள். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி வைத்திருந்தார்கள்.

"நேத்து சர்வேயரு நட்டது, நம்ம வீட்டுக் கல்லுடி! வீடு கட்ட ஆளுக்குப் பத்து பேர்ச்சஸ் நெலம் குடுக்கப் போறாங்களாம். லயமே சேந்து பூச போட்டோம்."

எண்ணினேன். பதினோரு கற்கள். வீட்டு மனைக்கு நாலு மூலை வேண்டும். இவை லயத்துக்கும் தோட்டப் பாத்திகளுக்கும் நடுவே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கோட்டில் ஓடின.

"சித்தி, இது வீட்டக் காட்டல. உங்க பாத்திய வெளிய தள்ளுது."

சித்தியின் முகம் சுருங்கியது. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருடி, நல்ல நாளும் அதுவுமா."

10 மணி. தூணில் மூன்று மொழியிலும் பொறித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், மூன்றையும் வாசித்தேன். மூன்றிலும் நாங்கள் குடியுரிமையை 'இழந்தோம்'. ஏதோ பஸ்ஸில் குடையை விட்டு வந்தவர்கள் போல. அதிகாரி ஒருவர் உருக்கமாகப் பேசினார். அழுதவர்களும் இருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை; அவருக்குப் பின்னால் மேசையில் காற்றில் படபடத்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு முடிந்ததும் வரவுக் கையெழுத்து என்று வரிசை நிற்கச் சொன்னார்கள். சித்திதான் முதல் ஆள். பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். நான் குனிந்து தாளைப் புரட்டினேன். முதல் பக்கம் மும்மொழியில். அதற்கடியில் இருந்த பக்கம் சிங்களத்தில் மட்டும்: கற்களுக்குக் கீழ்ப்புறமுள்ள காணியில் கையெழுத்திடுபவருக்கு எந்த உரிமையும் இல்லை.

பிரதி கேட்டேன், சிங்களத்திலேயே. "இது வழமையான நடைமுறைதான், மிஸ்," என்று சிரித்தார் அதிகாரி. பிரதி இன்று தர முடியாதாம்.

சித்தி என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்குக் கையெழுத்து தெரியாதுங்க ஐயா."

மாதாமாதம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்! பின்னால் நின்ற பெண்ணும் உடனே, "எனக்கும் தெரியாதுங்க." அதற்கடுத்தவரும். எழுத்தறிவுக்காக எவ்வளவோ பெருமைப்பட்ட எனக்கு அந்த நிமிடம் அந்தப் பொய்யைவிடப் புத்திசாலித்தனமாக எதுவும் தோன்றவில்லை.

மைப்பெட்டி வந்தது. சித்தி பெருவிரலை அழுத்தினார். முப்பது வருடக் கொழுந்து தேய்த்த விரல். தாளில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்தது, யாருடையது என்று சொல்ல ஒரு ரேகைகூட இல்லை.

"ரேகை எல்லாம் ஒங்க தேயிலையிலதாங்க இருக்கு. அங்க போயி பாத்துக்குங்க."

வரிசையே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார். அந்த நாள் எதுவென்று கேட்டேன். ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

மாலை 4 மணி பஸ்ஸில் மலையிறங்கினேன். நான் இருக்கும் ஊரில், வாடகை அறையாக இருந்தாலும், என்னைக் கேட்காமல் யாரும் கல் நட மாட்டார்கள். லிந்துலை வந்தபோது சித்தி போனில் அழைத்தார்.

"கல்லுக்கு அங்கிட்டு மிச்சமிருந்த கரட் வெதயையும் தூவிட்டேன்டி. மொளைக்கப் பத்து நாளாகும். அவங்க வரட்டும், மொளைய மிதிச்சிட்டுத்தான் அளக்கணும்."