ஒட்சிசன் இல்லாத செம்பு

சமாதான காலம் என்று அதற்குப் பெயர். இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் இடையில் சண்டை நின்றிருந்தது. சோதனைச் சாவடிகளும் நின்றிருந்தன, நின்ற இடத்திலேயே. அந்த நாட்களில்தான் லிங்கநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்து சேர்ந்தது.

நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்தேன். என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கர். கந்தோர் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போனவர், திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டே வந்தார். வந்து இறங்கியபோது அவருக்கு இரண்டு கால்களும் விறைத்துப் போயிருந்தன. பெட்டிக்குள் ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், அதிர்வதற்கென்றே ஒரு பெரிய ஸ்பீக்கர், டிவிடி போடும் இயந்திரம், ஒரு ரிமோட். பெட்டியின் மேல் இருந்தது உலகம் அறிந்த ஒரு கம்பனியின் பெயர், ஓரெழுத்துத்தான் வேறு.

“ஓரெழுத்துக்காக யாரப்பா அவ்வளவு காசு குடுக்கிறது?” என்றார்.

அந்தச் சிக்கனம் ஸ்பீக்கரோடு முடிந்திருந்தால் சொல்வதற்குக் கதை ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் பெட்டிக்குள் கிடந்த வயர்கள் தலைமயிர் போல இருந்தன. நீளமும் போதாது. பின்னால் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கர்களும் ஹோலின் நட்டநடுவில் வந்து நின்றுவிட்டன. சமைக்கக் குசினிக்குப் போவதென்றால் நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாண்ட வேண்டியிருந்தது.

அவருக்குக் கனடாவில் ஒரு மச்சான். நாட்டை விட்டுப் போனவர்களில் சிலர் அரசியல் ஆலோசனை சொல்வார்கள். சிலர் நோய்க்கு மருந்து சொல்வார்கள். இவர் சத்தத்துக்கு ஆலோசனை சொல்பவர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வந்தார்.

“பெட்டி மலிவெண்டாப் பரவாயில்லை மச்சான். வயரில மட்டும் மிச்சம் பிடிக்காத. மெல்லிய வயரில சத்தம் மெலிஞ்சுதான் வரும். தடிச்ச வயராப் பார். ஒட்சிசன் இல்லாத செம்பா இருக்கவேணும்.”

“மூச்சு விடுற ஒட்சிசன் செம்பில இருந்தா என்ன செய்யும்?” என்று என் கணவர் கேட்டார்.

“சத்தம் மங்கும்.”

இன்னொன்றும் சொன்னார். பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் போகும் வயர்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டுமாம். ஒன்று கட்டையாகவும் மற்றது நெடிதாகவும் இருந்தால் ஒரு காதுக்குச் சத்தம் முந்திப் போய்விடுமாம். என் கணவர் போனை வைத்துவிட்டு வந்து, மிகப் பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து தப்பியவர் போலக் கதிரையில் சாய்ந்தார்.

“எங்கட ஊருக்குக் கடிதம் வர ஒரு மாதம் எடுக்குது. சத்தம் கொஞ்சம் பிந்தினா என்ன?” என்று கேட்டேன்.

“உமக்கு இது விளங்காது” என்றார்.

மறுநாள் அவர் இரண்டாவது ஆலோசனை கேட்கப் போனார். கோயில் திருவிழாவுக்கும் தேவாலயப் பெருநாளுக்கும் ஒலிபெருக்கி கட்டும் ஒருவர் எங்கள் வீட்டு ஒழுங்கை பெருந்தெருவில் சேரும் முனையில் இருந்தார். எந்தச் சமயத்துக்கும் ஒரே அளவு காது வலியைக் கொடுப்பவர். அவர் வீட்டுக்கே வந்து, ஸ்பீக்கரைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, தேங்காய் வாங்குபவர் போல முகத்தைச் சுளித்தார்.

“ஒட்சிசனும் இல்லை, ஒண்டுமில்லை. ஆமிக்காரர் ரெலிபோனுக்கு இழுக்கிற கறுத்த வயர் இருக்கெல்லோ? அதைப் போல ஒரு வயர் உலகத்தில இல்லை. மழையும் ஒண்டும் செய்யாது, வெயிலும் ஒண்டும் செய்யாது. சொன்னா ஒரு கட்டு கொண்டுவாறன்.”

“எங்கேயிருந்து கொண்டுவருவீங்கள்?” என்று நான் கேட்டேன்.

“அது கிடக்கும்” என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு என் கணவருடைய முகத்தில் தெரிந்த ஆசையைக் கண்டு நான் பயந்தே போனேன். “அந்த வயர் இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் அம்மா வீட்டை போயிடுவன்” என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். யோசித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை இருவரும் மோட்டார் சைக்கிளில் பட்டினத்துக்குப் போனோம். மின்சாரப் பொருட்கள் விற்கும் கடையில் முதலாளி சுருள் சுருளாக வயர்களை இறக்கிப் போட்டார். அழைப்புமணிக்குப் போடுவது, வீட்டுக்கு இழுப்பது, சிவப்பும் கறுப்புமாகச் சேர்ந்து ஓடுவது, எல்லாம் இருந்தன. என் கணவர் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி, மூக்கில் பிடித்து மணந்து பார்த்தார். ஒட்சிசனுக்கு மணம் இல்லை என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆனாலும் கடைக்குள் வைத்துச் சொல்லவில்லை.

கடைசியில் முதலாளி உள்ளே போய், கண்ணாடி போன்ற உறைக்குள் செம்பு பளபளக்கும் ஒரு தடித்த வயரைக் கொண்டு வந்தார்.

“இதில ஒட்சிசன் இருக்கோ?” என்றார் என் கணவர்.

முதலாளி வியாபாரி. ஒரு கணமும் தயங்கவில்லை. “சொட்டும் இல்லை, தம்பி.”

இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளம் வேண்டும் என்பதால் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கினோம். ரிமோட்டுக்குப் பற்றரி வாங்கினோம். வரும் வழியில், திருத்தக் கொடுத்திருந்த சுவர் மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். வயர், பற்றரி, டிக்டிக் என்று ஓடும் மணிக்கூடு. அந்தப் பையை ஆமிக்காரர் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று சாவடியில் இறங்கும்வரை எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

பையைத் திறந்த சிப்பாய்க்கு வயது இருபதுகூட இருக்காது. முதலில் வயரைப் பார்த்தான். பிறகு பற்றரியைப் பார்த்தான். மணிக்கூட்டின் சத்தம் அவன் காதில் விழுந்ததும் பையை மெதுவாக, பிள்ளையைப் படுக்க வைப்பது போல, மண்ணில் வைத்துவிட்டுப் பின்னால் போனான். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவில் நாங்களும் பையும் மட்டும்தான் நின்றோம். எங்கள் கைகள் தலைக்கு மேலே இருந்தன.

“ஹோம் தியேட்டர்!” என்று என் கணவர் கத்தினார். “படம்! பாட்டு!”

சிப்பாயின் தலை மணல் மூட்டைக்குப் பின்னால் இன்னும் தாழ்ந்தது.

பிறகு இளம் அதிகாரி ஒருவர் வந்தார். கொஞ்சம் தமிழ் பேசினார். மணிக்கூட்டைக் கழற்றிப் பார்த்தார். நேரம் சரியாகத்தான் இருந்தது. பிறகு வயரைத் தூக்கிப் பிடித்தார்.

“இவ்வளவு வயர் ஏன்?”

பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்போம். வீட்டுக்கு லைட் போட என்றால் முடிந்திருக்கும். என் கணவரோ உண்மையைச் சொன்னார். முழுவதுமாகச் சொன்னார். செம்பைப் பற்றியும், ஒட்சிசனைப் பற்றியும், ஒரு காதுக்குச் சத்தம் முந்திப் போவதைப் பற்றியும், கனடா மச்சானைப் பற்றியும். கனடா என்றதும், இயக்கத்துக்குக் காசு வரும் நாடு என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரியின் புருவம் ஏறியது. நான் என் கணவரின் காலை மிதித்தேன்.

“வீட்டை காட்டுங்க” என்றார் அதிகாரி.

அப்படித்தான் எங்கள் ஹோம் தியேட்டரின் திறப்பு விழா நடந்தது. ஒழுங்கைக்குள் ஜீப் வந்ததும் கதவுகள் சாத்தப்பட்டன. பக்கத்து வீட்டில் ஒரு மிஸி இருந்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவர், கத்தோலிக்கர். என்னிலும் பத்து வயது கூடியவர், யாருக்கும் பயப்படாதவர். அவர் மட்டும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, பிரச்சினையோ?” என்று கேட்டார்.

“இல்லையக்கா, படம் பாக்க வந்தவை” என்றேன். வேறு என்ன சொல்வது?

அதிகாரி செற்றியில் உட்கார்ந்தார். மூன்று சிப்பாய்கள் துவக்கோடு சுவரோரம் நின்றார்கள். என் கணவர் வயரைப் பல்லால் கடித்து உரித்தார். அவசரத்தில் ஸ்பீக்கரின் சிவப்புத் துளை எது கறுப்புத் துளை எது என்று பாராமல் இரண்டு தரம் மாறிப் பூட்டினார். ஒரு வழியாக ஐந்து ஸ்பீக்கர்களும் அதனதன் மூலைக்குப் போயின. பெட்டியோடு இலவசமாக வந்த டிவிடியைப் போட்டார். ஸ்பீக்கரின் வலிமையைக் காட்டுவதற்கென்று செய்த டிவிடி அது. சத்தத்தை எவ்வளவில் வைக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திரையில் நீலக் கடல் தெரிந்தது. ஒரு பாய்க்கப்பல் மெல்ல வந்தது. அலை பின்பக்கமிருந்து கேட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது கப்பலில் இருந்த பீரங்கி வெடித்தது.

மூன்று சிப்பாய்களும் தரையில் கிடந்தார்கள். அதிகாரி செற்றிக்குப் பின்னால் இருந்தார். எப்படி அங்கே போனார் என்பதை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் மேசைக்குக் கீழே இருந்தேன். வெளியே ஒழுங்கை முழுவதும் கதவுகள் திறந்து, சனம் அடைக்கலம் தேடித் தேவாலயப் பக்கம் ஓடும் சத்தம் கேட்டது. என் கணவர் ஒருவர்தான் நின்ற இடத்தில் நின்றார். அவருடைய முகத்தில் இருந்ததைப் பரவசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதிகாரி எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். யாரும் ஒன்றையும் பார்க்காதது போல மறுபடியும் செற்றியில் உட்கார்ந்தார்.

“நல்ல வயர்” என்றார்.

கல்யாண நாளில்கூட என் கணவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை.

ஆனால் போகும்போது அதிகாரி வலதுபக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் சுருண்டு கிடந்த மிச்ச வயரைக் கண்டார். அது இயந்திரத்துக்குக் கிட்ட இருந்த ஸ்பீக்கர். மச்சானின் சொற்படி தூர இருப்பதற்குச் சமமான நீளத்தை அதற்கும் கொடுத்திருந்தோம். “தேவைக்கு மட்டும்தான்” என்று சொல்லி, ஒரு சிப்பாயைக் கொண்டு அதை வெட்டுவித்து எடுத்துக்கொண்டு போனார். எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டிருந்தேன். என் கணவர் வெட்டிய முனையைப் பிடித்தபடி நின்றார்.

“இனி வலப்பக்கம் முந்தி வரும்” என்றார்.

அதன்பிறகு படம் பார்க்கும்போதெல்லாம் தலையை இடப்பக்கம் சரித்தே உட்கார்ந்திருப்பார். அப்படிச் சரித்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. நான் நேராக இருந்துதான் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ஜீப் போன பிறகு, தேவாலயத்திலிருந்து திரும்பி வந்த ஒழுங்கைச் சனம் எங்கள் படலை வாசலில் கூடியது. மிஸி எல்லோருக்கும் முன்னால் நின்றார். ஓடும்போது அவருடைய செருப்பு ஒன்று தொலைந்துபோயிருந்தது.

“இனி வெடிக்கிற படம் போடுறதெண்டா முதலே சொல்லிப்போட்டுப் போடுங்கோ. நாங்கள் ஆயத்தமா இருக்கவேணும்” என்றார்.

ஒப்புக்கொண்டோம். அன்றிலிருந்து நான் மதிலுக்கு மேலால் அறிவிப்பாளர் ஆனேன். “அக்கா, இண்டைக்குச் சண்டைப்படம்” என்பேன். “சரி பிள்ளை” என்று பதில் வரும். அவர் மற்றப் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார். இப்படியே செய்தி ஒழுங்கை முனை வரைக்கும் போகும். அரசாங்கம் கூட எங்களுக்கு அவ்வளவு ஒழுங்காக எதையும் அறிவித்ததில்லை.

பிறகு சமாதானம் பழுதாகத் தொடங்கியது. அதை யாரும் மதிலுக்கு மேலால் அறிவிக்கவில்லை. முதலில் பெற்றோல் வரிசை நீண்டது. பிறகு தெற்கே வெருகல் பக்கம் போகும் பஸ் நின்றது. பிறகு ஒரு நாள் மத்தியானம், நாங்கள் இருவரும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, துறைமுகப் பக்கம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. பாத்திரங்கள் அதிர்ந்தன. இன்னொன்று கேட்டது.

நாங்கள் எழுவதற்குள் மிஸி எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு இரவு வேலை. நித்திரையிலிருந்து எழும்பி வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“உங்களுக்கு எத்தனை தரம் சொல்லுறது? சொல்லாமப் போடாதேங்கோ எண்டு! பட்டப்பகல்ல என்ன சண்டைப்படம்? மனுசர் படுக்கிறேல்லையோ?”

“அக்கா, நாங்கள் போடேல்லை” என்றேன்.

“கதை விடாதேங்கோ பிள்ளை! எனக்கு இந்த வெடி தெரியும். அந்தக் கப்பல்!”

என் கணவர் ரிமோட்டை அவரிடம் நீட்டினார். “மிஸி, கரண்டே இல்லை. விடியக்காலமையே போயிட்டுது.”

மிஸி கூரையில் அசையாமல் நின்ற காற்றாடியைப் பார்த்தார். மூன்றாவது ஷெல் குண்டு இன்னும் கிட்ட விழுந்தது. அவருடைய முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கையில் இறங்கி ஓடினோம். ஓடும்போது பார்த்தால், பாதி வீடுகளில் சனம் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் படம் என்று நினைத்துக்கொண்டு. மிஸி ஒவ்வொரு படலையாகத் தட்டினார். “படமில்லை, படமில்லை, ஓடி வாங்கோ!” என்று அவர் கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. ஒலிபெருக்கிக்காரர் சோற்றுக் கையோடு வந்தார்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் வேலை செய்யும் துறைமுகப் பக்கத்தில் ஆகியிருந்தது. தேவாலய மண்டபத்தில் என் கணவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியபடி இருந்தார். வெளியே அமைதியான பிறகும் கையை எடுக்கவில்லை.

பின்னேரம் வீடு திரும்பினோம். ஊரடங்குச் சட்டம் போடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கரண்ட் வந்திருந்தது. மிஸியால் வேலைக்குப் போக முடியவில்லை, தெருவை மூடிவிட்டார்கள். தன் வீட்டில் தனியாக இருக்க ஏலாது என்று அவர் எங்களிடம் வந்தார். அவரைக் கண்டு இன்னும் இரண்டு வீட்டுச் சனம் வந்தது.

“ஒரு படம் போடுங்கோ தம்பி. குடும்பப்படம்” என்றார் மிஸி.

என் கணவர் போட்டார். தலைப்பு இசை தொடங்கியதும் எல்லோருடைய தோளும் ஒன்றாக மேலே ஏறியது. சத்தத்தைக் குறைத்தார். “இன்னும்” என்றார் மிஸி. இன்னும் குறைத்தார். “இன்னும் கொஞ்சம்.” கடைசியில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் ஒரு தாய் மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள், வாய் மட்டும் அசைந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று மிஸி தன் பாட்டில் சொல்லத் தொடங்கினார். நான் மகனுக்குப் பேசினேன். மாமியாருக்கு யாருமில்லாமல் போகவே, சனத்தோடு வந்திருந்த ஒலிபெருக்கிக்காரர் கிழவிக் குரலில் பேசினார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தோம். மிஸிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. அது எந்தக் கண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

என் கணவர் மட்டும் பேசாமல் இருந்தார். படம் பாதிக்கு வந்தபோது, திரையில் தகப்பன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். எல்லோரும் இவரைப் பார்த்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாப்பாடு ஆச்சோ?” என்றார்.