பூங்காவனம் வாய் திறந்த நாள்

தீவின் பாம்பூ ஊர்க் கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறிய பூங்காவனம் வாயைத் திறக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் அவள் வாய் ஊரறிந்தது; சர்தாரே இரண்டடி தள்ளி நின்றுதான் வேலை சொல்வார். ஆனால் அன்று காவடிக்குக் கொடியேறி ஏழாம் நாள். காய்ச்சலில் கால் விழுந்துபோன மகள் பாக்கியம் எழுந்து நடக்க வேண்டுமென்று, காவடி இறக்கும்வரை பேசுவதில்லை என முருகனுக்கு நேர்ந்திருந்தாள். சம்மன் வந்தபோது, போய் நின்றால் போதும் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

எதிர்க் கூண்டில் வண்டிக்கார ஜில்பெர். வேலைநிறுத்தத்தின்போது கரும்புக்குத் தீ வைத்தான் என்று வழக்கு. தீப்பிடித்த பகலில் அவன் பூங்காவனத்தின் ஒழுகும் கூரையை வேய்ந்துகொண்டிருந்தான். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

கோர்ட்டில் மொழிபெயர்க்கும் ஐயாசாமி விரதத்தை எடுத்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டார். ஆனாலும், கூண்டேறிய சாட்சி பதில் சொல்ல மறுப்பது நீதிமன்ற அவமதிப்பு என்றார்.

“எட்டு நாளு உள்ள வெச்சிடுவாங்கம்மா,” என்றார் ஐயாசாமி.

பூங்காவனம் விலங்கு மாட்ட இரு கைகளையும் நீட்டினாள். சிறைக்குள் முருகன் வரமாட்டானா என்ன?

வழக்கு ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இன்றே தீர்ப்பு என்றார் மாஜிஸ்திரேட். அப்போது ஜில்பெர் கத்தினான்.

“பா கோசே, அக்கா! பேசாதே! பாக்கியம் நடக்கட்டும். நான் ஜெயிலுக்குப் போறேன்.”

சிறைக்கு அஞ்சாதவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஏழு நாள் மூடிக் கிடந்த தொண்டை கரகரத்தது.

“அவன் என் கூரை மேல இருந்தான், துரை. சாமி சத்தியமா.”

பிறகு முறைப்படி சத்தியம் வாங்கி எல்லாவற்றையும் கேட்டார்கள். அவமதிப்பை மாஜிஸ்திரேட் மன்னித்தார், ஜில்பெர் விடுதலையானான். பூங்காவனம் கோர்ட்டுப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இந்தக் கோர்ட்டு மன்னித்துவிட்டது, முருகன் மன்னிப்பானா?

பாக்கியம் நடந்தாள், ஒரு காலை இழுத்தபடி. முருகனை அவமதித்ததற்கு அபராதமென்று பூங்காவனம் ஆண்டு தவறாமல் காவடி எடுத்தாள். மாதா கோயிலுக்குப் போகும் ஜில்பெரும் மாமிசம் விட்டு, வெறுங்காலோடு, பாக்கியத்தின் நடைக்கு ஈடாக மெல்ல நடந்து வருவான்.

தீவு சுதந்திரம் அடைந்த ஆண்டின் காவடியில் ஐயாசாமி கேட்டார்: “அன்னிக்குப் பேசாம இருந்திருக்கலாம்னு தோணுதாம்மா?”

முன்னே போகும் இருவரையும் அவள் பார்த்தாள்.

“எம்மவளுக்கு ஒரு கால் போச்சு. அவனுக்கு விலங்கு விழாம ரெண்டு காலும் மிஞ்சிச்சே.”