மோரோடு விழுங்கிய மாத்திரை

பார்க்கின்சன் வந்தால் கை நடுங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வயிறும் அடம் பிடிக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு மூன்று நாளானாலும் வெளிக்குப் போகாது. கோவையிலிருக்கும் மகள், குடலுக்கு நல்ல கிருமிகளை அடைத்த கேப்ஸ்யூலைக் கூரியரில் அனுப்பினாள். பிரிட்ஜில் வைக்க வேண்டுமாம். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எங்கள் மலைக்கு வருவதற்குள் அந்தக் கிருமிகள் என்ன பாடு பட்டனவோ. அதைப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மொதல்ல மோர், புளிச்ச கூழுன்னு குடிச்சுப் பாருங்க. ஆனா கை நடுக்கத்துக்கான மாத்திரைய சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி தண்ணியில போடுங்க," என்றார்.

பாதியைத்தான் காதில் வாங்கினேன். மலையில் வாழவந்தி நாட்டு ஊர்களில் முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். 'வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்க' என்று மலை முழுக்கச் சொல்லியே பெயர் வாங்கியவன். நேற்று வந்த டாக்டர் எனக்குப் பாடம் எடுப்பதா? சாமைக் கூழைக் குடித்துவிட்டு, ஒரு சொம்பு கெட்டி மோரில் மாத்திரையை விழுங்கினேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

வயிறு வழிக்கு வந்தது. கால்தான் வரவில்லை. வாசற்படியில் இரண்டு முறை விழுந்தேன். மாத்திரையில் சத்தே இல்லை என்று திட்டினேன்.

"ஏனுங்க, இன்னொருக்கா விழுந்தீங்கன்னா செம்மேட்டுச் சந்தைக்குத் தனியாப் போறத நிறுத்திப்போடுவேன்," என்றாள் மனைவி.

வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் நோயாளி இல்லை. அதுவும் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

அடுத்த சந்தையன்று, திரும்பும் பஸ்ஸின் படியருகே கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் மூட்டைகளோடு கூட்டம். முன்பு என்னிடம் மருந்து வாங்கிய ஓர் அம்மா கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

"ஏனுங்க கம்பவுண்டரு, வெறும் வயித்துல மாத்திரை போட்டீங்களாக்கும்?"

"இல்லீங்க," என்றேன். பொய் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் மறுநாள் டாக்டருக்குப் போன் செய்தேன். மோரிலிருக்கும் புரதம் மருந்தைக் குடலிலேயே வழிமறிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அன்று முதல் தண்ணீரில் மாத்திரை, அரை மணி கழித்துக் கூழ், மோரெல்லாம். இரண்டொரு நாளில் கால் சொன்னபடி கேட்டது.

மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் அதே அம்மா உட்கார்ந்திருந்தார். நான் நடந்து வருவதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

"நீங்க சொன்ன சொல்ல நான் இன்னைக்கும் மீறலீங்க. தைராய்டு மாத்திரையக்கூட களி தின்னுட்டுத்தான் போடறேன். இந்த அசதி மட்டும் போகவே மாட்டேங்குதுங்க."

தைராய்டு மாத்திரையைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பஸ் வந்து நின்றது. அன்று எந்தப் படியிலும் என் கால் ஏறியிருக்கும். பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் சொன்னது தப்புங்க," என்றேன். முப்பது வருடத்தில் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.