ஏழாம் எண் கடை

அண்ணன் மருந்துக்கடை நடத்தினான். அவன் படிக்கவைத்த தங்கையோ, எந்த மாத்திரை எத்தனை பேர் உடம்பைக் கெடுக்கிறது என்று கணக்குப் போடும் படிப்பைப் பல்கலைக்கழகத்தில் படித்தாள். டாக்டர் சீட்டில்லாமல் வலி மாத்திரை விற்ற கடைகளைச் சுற்றித்தான் சிறுநீரகம் கெட்டவர்கள் அதிகம் என்று அவள் ஆய்வு சொன்னது. அதிலும் மோசம் ஏழாம் எண் கடை. ஆய்வில் கடைகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஏழு யாருடையது என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வகுப்பில் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் கதவை உதைத்துத் திறந்தான். கடைகளைப் பற்றித்தான் ஆய்வு என்று அம்மா உளறியிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சல்லவா! திரையில் இருந்த வரைபடத்தில் ஏழின் மேல் உயர்ந்து நின்ற கோட்டைப் பார்த்ததும் நாற்காலியைத் தூக்கி அதன்மேல் வீசினான்.

"சோறு போட்டுப் படிக்கவச்சா என் கடைக்கே கொள்ளி வைக்கிறியா? அந்த ஏழு என் கடைதானேடி!"

பின்னலைப் பிடித்து இழுத்து அவள் முகத்தை மேசையில் மோதினான். பல் உடைந்து தெறித்தது. பேராசிரியரும் மாணவர்களும் பாய்ந்து அவனை அமுக்கினார்கள்.

அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் நம்பரைத்தான்ணே எழுதினேன். பேரை நீதான் சொல்லிட்ட."