புல்தைலமும் தாய்லாந்து சூப்பும்

எங்கள் ஊரான பாறசாலை ஆசியாக் கண்டத்தில்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்கு ‘ஏஷியன் ரெஸ்டாரண்ட்’ என்று பலகை வைத்தால், நம் ஊர்ச் சாப்பாடு எதுவும் உள்ளே கிடைக்காது என்று பொருள். சீனா உண்டு, தாய்லாந்து உண்டு, கொரியா உண்டு. அந்த ஆசியா வங்காள விரிகுடாவின் அக்கரையில்தான் தொடங்குகிறது. வருவாய்த் துறையில் இருந்து ஊராருடைய வேலித் தகராறுகளை அளந்து தீர்த்தவன் என்ற முறையில் இந்த எல்லையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் என் மனைவியும் நானும் ஒரு வருடமாக அப்படிப்பட்ட கடைகளுக்கு ரயிலேறிப் போய் வருகிறோம்.

போகத் தொடங்கியது ருசி தேடி அல்ல. போன மழைக்காலத்தில் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை முடிந்தபின், சில வாரங்களுக்கு ஒரு முறை நரம்பு வழியாக மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி நடைமுறைகள் எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டன. எந்த ஜன்னலில் சீட்டு, எந்த ஜன்னலில் முத்திரை, எந்த நகலில் யார் கையெழுத்து என்று வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்களுக்கு நானே வழி சொன்னேன். ஒரு நர்ஸ் என்னை அங்கே வேலை பார்க்கிறவர் என்று நினைத்து, சாயா குடிக்கப் போகாமல் இடத்தில் இருக்கும்படி சொன்னார்.

ஆனால் ஒரு மனுஷியைச் சோறு உண்ண வைப்பதற்கு எந்த ஜன்னலிலும் விண்ணப்பம் வாங்குவதில்லை.

மருந்து அவளுடைய நாக்கைக் கெடுத்துவிட்டது. எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: எடை இதற்குமேல் இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிவைக்க வேண்டிவரும், தள்ளிவைப்பது நல்லதல்ல. எதைச் சாப்பிடுகிறாரோ அதைக் கொடுங்கள், சூடாகவும் அப்போது சமைத்ததாகவும் இருந்தால் போதும். “கடையிலும் சாப்பிடலாமா?” என்று கேட்டேன். சாப்பிடலாம் என்றார். அதைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதித் தந்தார். வாய்மொழி உத்தரவுக்கு என்ன கதி நேரும் என்பது எனக்குத் தெரியும்.

ஊரில் உதவிக்குக் குறைவில்லை. எங்கள் கிறிஸ்தவச் சபையின் பெண்கள் கூட்டத்திலிருந்து முறை வைத்து வந்தார்கள். கஞ்சி, மரச்சீனிக் கிழங்கு, அயிலை மீன் கறி, முட்டை அவியல் என்று அடுக்களை நிறைந்தது. கொண்டுவந்தவர்கள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் ஒரு வாய் உண்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். எல்லாருக்கும் முன்னால் நிற்பவர் அவளுடைய அக்காள், எனக்கு மதினி. அதியன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தூக்குவாளியோடு வருவார்.

“மக்கா, ஒரு வாய் இறக்கு. நீ தின்னுதத கண்ணால பாத்தாத்தான் எனக்கு பஸ்ஸுல ஏற கால் வரும்.”

அவர் போனபின் என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: “எல்லாரும் வாயையே பாக்குதாவ. தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாக்குத மாதிரியாக்கும் இருக்கு.”

நோயாளியின் எரிச்சல் என்று நினைத்து நான் அதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனை முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மதியமாகிவிட்டது. கேண்டீன் சாம்பார் மணம் முகத்தில் அடித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரே ஒரு கட்டடத்தின் மாடியில் அந்த ஏஷியன் பலகை தெரிந்தது. ஏசி இருக்கும், சாம்பார் இருக்காது என்று படியேறினோம்.

உள்ளே மெனு கார்டு கிடையாது. மேசையில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போனுக்குக் காட்ட வேண்டும். காட்டினேன். போனில் வந்த பெயர்களில் எனக்குத் தெரிந்தது ஃப்ரைட் ரைஸ் ஒன்றுதான். எங்களுக்குப் பக்கத்தில் நெய்யாற்றின்கரையிலும் அது கிடைக்கும், கூடவே சிவப்புச் சாயத்தில் குளித்த கோபி மஞ்சூரியனும் வரும். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் முகத்தைத் தூக்கினாள்.

“அந்த மேசையில என்னவாக்கும் தின்னுதாவ? தரை துடைச்ச மணம் வருது.”

எனக்கும் வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் தரை துடைக்கும் வாளியில் இரண்டு சொட்டுப் புல்தைலம் விடுவது வழக்கம். உடம்பு வலித்தால் குளிக்கிற வெந்நீரிலும் விடுவார்கள். எலுமிச்சை வாசம் வீசுகிற ஒரு புல்லிலிருந்து எடுக்கும் தைலம் அது. அந்தப் புல்லையே தட்டிப்போட்டு தாய்லாந்துக்காரர்கள் இறால் சூப் வைக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அது வேணும்” என்றாள். வேணும் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

பரிமாறிய பெண் மிசோரத்துக்காரி. இங்கே வந்து மலையாளம் கற்றுக்கொண்டிருந்தாள். “அம்மே, எரிவு குறைக்கட்டே?” என்று கேட்டாள். காரத்தைக் குறைக்கச் சொன்னோம். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் எழுந்து என் வழக்கமான ஆய்வைத் தொடங்கினேன். உணவுப் பாதுகாப்பு உரிமம் கல்லாவுக்கு மேலே தெரியும்படி மாட்டியிருந்தது. காலாவதி ஆகவில்லை. தீயணைப்புக் கருவி இருந்தது. அதில் வாயு நிரப்பிய தேதியும் இருந்தது. நான் வேலை பார்த்த ஆபீசில் அந்தக் கருவி குடை மாட்டத்தான் பயன்பட்டது. திருப்தியோடு மேசைக்கு வந்தபோது கிண்ணத்தில் பாதி இல்லை. புளிப்பாக இருக்கிறது, ஆணி தெரியவில்லை என்றாள்.

அதன்பின் நகரத்துக்குப் போகும் நாளெல்லாம் அங்கே போனோம். அவளுக்கு நடக்கத் தெம்பிருந்த நாட்களில் வேறு கடைகளையும் பார்த்தோம். கொரியக் கடையில் மேசைமேலேயே அடுப்பு வைத்து, இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். துணிக்கடையில் இருக்க வேண்டிய பொருள் என்று முதலில் முகம் சுளித்தேன். பிறகு வீட்டிலும் ஒன்று வாங்கி வைத்தேன். தொட்டுக்கொள்ளும் கூட்டு தீர்ந்தால் கேட்காமலே மறுபடி கொண்டுவந்து வைக்கிறார்கள். கல்யாணப் பந்திக்கு வெளியே அந்தப் பண்பை நான் பார்த்தது அங்கேதான். வியட்நாம் கடையில் ஒரு கட்டுக் கீரையோடு சேமியாச் சாறு தருகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் போரையும் பஞ்சத்தையும் தாண்டி வந்து இவ்வளவு சாந்தமான ஒரு சாற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து மரியாதையோடு குடித்தேன். அவள் எங்கும் கொஞ்சம் கொறிப்பாள். முழுசாக உள்ளே போனது தாய்லாந்து சூப் மட்டும்தான். எடை இறங்குவது நின்றது.

செய்தி மதினிக்கு எட்டியது.

“எனக்க தங்கச்சிக்கு புல்லுத்தண்ணி குடிக்க ரயில் ஏறணுமோ? நான் வச்சா இறங்காதோ? அதுல என்னெல்லாம் கெடக்குன்னு சொல்லுங்க.”

நான் போனில் பார்த்து வரிசையாகச் சொன்னேன்: இறால், காளான், எலுமிச்சம்பழம், மிளகாய், பிறகு புல்தைலம் எடுக்கிற அந்தப் புல். நான் சொன்னது துல்லியம். மதினி எடுத்துக்கொண்டதும் துல்லியம்தான். புல் கைக்குக் கிடைக்கவில்லை, தைலம் எல்லா வீட்டுக் குளிமுறியிலும் இருக்கிறது. மறுநாள் தூக்குவாளியைத் திறந்தபோது கூடம், அறை, அடுக்களை எல்லாம் ஈஸ்டருக்கு முந்தின நாள் கோயிலைக் கழுவிவிட்ட மாதிரி மணத்தன.

“எத்தனை சொட்டு விட்டிய?” என்று கேட்டேன்.

“நாலஞ்சு. நல்ல தைலமாக்கும். போன மாசம் வாங்கினது.”

என் மனைவி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மதினியும் சிரித்தார். அக்காள் மனம் நோகக் கூடாதென்று அவள் ஒரு கரண்டி வாயில் விட்டாள். அதோடு சிரிப்பு நின்றது. அதற்குப்பின் இரண்டு நாள் வெந்நீர் குடித்தால்கூட அவளுக்கு ஓங்கரித்தது. மதினி வாசல்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நாலு சொட்டுத் தைலத்துக்கு எந்தச் சட்ட நூலில் தடை இருக்கிறது என்று தேட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் மதினியும் கூட வந்தார். எடை இறங்கியிருந்தது. ஒரு வாரம் பார்க்கலாம், இன்னும் இறங்கினால் மருந்தைத் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். நாங்கள் மூவரும் ரோட்டைக் கடந்து மாடியேறினோம். சூப் வந்தது. அவள் குனிந்தாள், மூக்கைச் சுருக்கினாள், கிண்ணத்தைத் தள்ளினாள்.

“தைலமாக்கும் மணக்குது” என்றாள்.

கடைச் சூப்பில் ஒரு மாற்றமும் இல்லை. வாளி மணம் அவள் மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போனது. மதினி தங்கையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

மதினி தனக்கென்று புளி விட்ட நூடுல்ஸ் ஒன்று சொல்லியிருந்தார். நீளமான அரிசிச் சேமியா, மேலே வறுத்துப் பொடித்த நிலக்கடலை. அது மேசைக்கு நடுவில் வந்து அமர்ந்தது. எங்கள் ஆட்கள் கடையானாலும் ரயிலானாலும் ஜெபம் செய்யாமல் தட்டில் கை வைப்பதில்லை. மதினி இருக்கும் இடத்தில் அந்தப் பொறுப்பு அவருடையது. அவர் முக்காடு போட்டார். நாங்கள் மூவரும் கண்ணை மூடினோம்.

“ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இத ஆக்கின கைகள ஆசீர்வதியும்” என்று தொடங்கி, தங்கையின் உடம்பு, டாக்டரின் அறிவு என்று வழக்கமான வரிசையில் போனார். ஆமென் வரவேண்டிய இடம் நெருங்கியபோது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. கடலை கடிபடுகிற சத்தம். இடது கண்ணை ஒரு கீற்றளவு திறந்தேன். என் மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்து, கையாலேயே எடுத்து, யாரும் பார்க்காத தைரியத்தில் உண்டுகொண்டிருந்தாள்.

மதினிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவருடைய குரல் ஒரு கணம் நின்றது. கண் திறக்கவில்லை. ஆமென் சொல்லவும் இல்லை.

“அதியன்னூர் சபைய நினைச்சருளும்” என்று மறுபடி தொடங்கினார். “போதகர நினைச்சருளும். பாட்டுக் குழுவையும், அவியளுக்குள்ள உள்ள சண்டையையும் நினைச்சருளும்.” துபாயில் இருக்கும் மருமகனுக்கு வேலை நிலைக்கக் கேட்டார். கோட்டுகாலில் வீடு கட்டும் சித்தி மகனுக்குத் தடையில்லாமல் மணல் கிடைக்கக் கேட்டார். மாவட்ட ஆட்சியருக்கும் மந்திரிமாருக்கும் நல்ல புத்தி கேட்டார். மிசோரத்துப் பெண் தண்ணீர்க் குப்பியோடு வந்தாள். என்ன நடக்கிறது என்று ஒரு பார்வையில் கண்டுகொண்டாள். குப்பியை நெஞ்சோடு அணைத்தபடி அங்கேயே தலை குனிந்து கண்ணை மூடி நின்றாள். பக்கத்து மேசையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் குரலைத் தாழ்த்தினார்கள்.

ஆயுளில் எத்தனையோ நீண்ட ஜெபங்களை, சுருக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று யோசித்தபடியே கடத்தியவன் நான். இது நீளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடலைச் சத்தம் நிற்கவில்லை. உலகத்தில் உள்ள விதவைகளும் பிரயாணம் செய்கிறவர்களும் முடிந்தார்கள். மதினி மூச்செடுத்தார், தேடினார். கடைசியில் எல்லா எக்ஸ்பிரஸ் வண்டிகளும் பாறசாலையில் நிற்க வேண்டும் என்று ஆண்டவரிடம் மன்றாடத் தொடங்கினார். அது ரயில்வேக்குப் போக வேண்டிய மனு. நான் திருத்தவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது.