ரேடியோ அக்கா வாய் மூடிய நாள்

படகுத்துறையில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். ஐஸ் உடைக்கிறவர்கள் வைத்த பெயர். காலையில் படகில் ஏறி வாயைத் திறந்தாள் என்றால், திரும்பி வந்து கயிறு கட்டுகிற வரைக்கும் மூட மாட்டாள். "அக்கா, உங்க பாட்டரி தீரவே தீராதா?" என்பார்கள். "தீர்ந்தா உன் வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டேன், போய் வேலையைப் பாரு" என்பாள்.

ஆனால் போன கோடைக்கு முன்பு இதே அக்காவிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் ஒரு பல்லைப் பிடுங்கிவிடலாம். கரையோரத்து மீன் டப்பா ஆலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். அங்கே மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் தும்மினால்கூடக் கேட்காது. புருவத்தாலும் கையாலும்தான் பேச்சு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆலையை மூடிய பிறகும் வாய் திறக்கவில்லை. அதோடு அவளுக்குக் கடல் ஆகாது. கரையில் நின்று அலையைப் பார்த்தாலே தலை சுற்றும், வயிறு பிரட்டும். கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் படகில் கால் வைத்ததில்லை.

புருஷனுக்குத் துறையில் கழுகு என்று பெயர். தண்ணீரின் நிறம் ஒரு துளி மாறினால் போதும், அங்கே மீன் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போது வலை வீசுவதில்லை. வெயில் மாதங்களில் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருவார்கள், அவர்களைப் படகில் கூட்டிப் போவார். அந்த வடக்குக் கரையில் வெயில் மாதத்திலும் குளிரும், அதற்கென்றே வருகிறவர்கள் அவர்கள். செங்குத்தான பாறைச் சுவர்களையும், நடுக்கடலில் பறவைகள் மொய்க்கிற பெரிய பாறையையும் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. கழுகின் மரப்படகில் பழுப்புப் பாய் உண்டு, கையால் விடுகிற தூண்டில் உண்டு. வழி காட்டுகிற திரை, கருவி எதுவும் கிடையாது. 'அந்தக் காலத்துப் படகு, அந்தக் காலத்து முறை' என்று துறையில் போர்டே வைத்திருந்தார். கரையில் இருக்கிற அடையாளங்களை வைத்துத்தான் வழி. அப்பனும் பாட்டனும் அப்படித்தான் போனார்கள்.

அடையாளத்தை வைத்துப் போகிறவனுக்குக் கண்தானே எல்லாம்? அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது.

முதலில் டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். "கை நழுவிடுச்சு" என்றார். பிறகு தெருவில் தபால்காரரைப் பார்த்து, "வாங்க மச்சான், எப்ப வந்தீங்க?" என்று கேட்டு வைத்தார். "சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்டி" என்றார். ஒருநாள் எண்ணெய்த் துணி தேடி வீட்டிலிருந்த அவருடைய கருவிப் பெட்டியை அவள் திறந்தபோது, ஸ்பானர்களுக்கு அடியில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து இருந்தது. பாட்டிலின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். "இது இருக்கற பார்வையைக் காப்பாத்தத்தான்மா. போனது போனதுதான். முதல்ல ஓரம் போகும், அப்புறம் நடுவுலயும் மங்கும்" என்றாள் கடைக்காரி.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே மனுஷன் என்று ஆத்திரமாக வந்தது. கேட்டால் உடைந்துபோவாரோ என்று பயமாகவும் இருந்தது. துறைமுக ஆபீசுக்குத் தெரிந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். படகை எடுத்துவிட்டால் அந்த மனுஷனிடம் என்ன மிச்சமிருக்கும்? தெரியாமலே போனாலோ, ஒருநாள் பத்துப் பன்னிரண்டு பேரோடு பாறையில் மோதுவார். ராத்திரியெல்லாம் இரண்டு பக்கமும் புரண்டு பார்த்தாள். காலையில், குமட்டாமல் இருக்க ஒரு இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, "நானும் வர்றேங்க. வர்றவங்களுக்கு நாலு கதை சொன்னா நல்லாயிருக்குமில்ல" என்று படகில் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார்.

அன்றிலிருந்து பேச்சுதான். கதை மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கதையிலும் ஒரு திருப்பம் ஒளிந்திருக்கும். "இடது பக்கம் பாருங்க, மஞ்சள் மிதவை ஒண்ணு ஆடுது. நம்ம தலைவர் அதுக்கு எப்பவும் மரியாதையா ஒதுங்கித்தான் போவார்." கழுகு ஒதுங்குவார். முக்கியமான இடம் பறவைப் பாறைக்கு முன்னால். கரைக் குன்றின் மேல் வெள்ளை விளக்குக் கோபுரம். அதற்கு முன்னால், தாழ்வில், பழைய ஆலையின் புகைபோக்கி. கடலிலிருந்து பார்த்தால் கோபுரம் மெல்ல நகர்ந்து வந்து புகைபோக்கிக்குப் பின்னால் மறையும். மறைந்த உடனே வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். தாமதித்தால் தண்ணீருக்கடியில் எருமை முதுகு. அது ஒரு நீளப் பாறை. அலை இறங்கும்போது மட்டும் கறுப்பாகத் தெரியும், அதனால் அந்தப் பெயர்.

"அதோ, கோபுரத்தைப் பாருங்க, மாமியாரைக் கண்ட மருமக மாதிரி ஒளியுது ஒளியுது... ஒளிஞ்சே போச்சு!" என்று கத்துவாள். ஆட்கள் சிரிப்பார்கள். கழுகு சுக்கானை ஒடிப்பார். அவள் முதுகில் வேர்வை வழியும். கடைசி ஆள் கரையில் கால் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். வீட்டுக்குப் போய் வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுப்பாள். மறுநாள் காலை மறுபடியும் இஞ்சி. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

அன்றைக்கு வந்த கூட்டத்தில் பறவைச் சத்தம் பதிவு செய்கிற ஒருவர் இருந்தார். கையில் நீளமான மைக், காதில் ஹெட்போன். புறப்பட்டதிலிருந்து ரேடியோ அக்காவை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பறவைப் பாறை கண்ணில் பட்டதும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த ஒரு சத்தத்துக்காக எவ்வளவோ தூரத்துல இருந்து வந்திருக்கேன். பாறை தாண்டற வரைக்கும் பேசாம வர முடியுமா? என்ஜினையும் கொஞ்சம் குறைச்சா உதவியா இருக்கும்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். "இல்லைங்க சார், இங்கதான் நல்ல நல்ல கதையெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"விடு" என்றார் கழுகு பின்னாலிருந்து. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "சார் கேட்கறாருல்ல. இந்த வழி எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். நீ சும்மா இரு."

அடப்பாவி மனுஷா! வீம்புக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? ஆனால் பன்னிரண்டு பேருக்கு நடுவில் என்னவென்று சொல்வது? வாயை மூடினாள்.

என்ஜின் முனகலாகக் குறைந்தது. ஆயிரம் பறவைகளின் கூச்சல் தண்ணீர் மேல் வந்து விழுந்தது. எல்லாரும் அண்ணாந்து பாறையைப் பார்த்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் கரையைப் பார்த்தாள். வெள்ளைக் கோபுரம் நகர்ந்துகொண்டிருந்தது. புகைபோக்கிக்கு இன்னும் ஒரு விரல் அகலம். நாக்கின் அடியில் இஞ்சி எரிந்தது. அரை விரல். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிற பக்கத்தில் கோபுரமும் இல்லை, புகைபோக்கியும் இல்லை.

கோபுரம் மறைந்தது. அவர் கை அசையவில்லை.

இருமினாள். மைக் பிடித்தவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மறுபடியும் பலமாக இருமினாள். கழுகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காது கொடுத்தார். இருமல் எந்தப் பக்கம் என்று சொல்லுமா? சுக்கானை ஒரு கணம் லேசாக அசைத்து, சந்தேகப்பட்டு மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டு வந்தார். என்ஜின் மெதுவாக ஓடியதால் நீரோட்டம் படகைத் தன் போக்கில் இழுக்க ஆரம்பித்திருந்தது. கோபுரம் புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. நேர் எதிரே அலை இறங்கியது. கறுப்பாக, ஈரமாக, எருமை முதுகு எழுந்தது.

"வலது பக்கம் ஒடிடா மனுஷா! பாறைடா! ஒடி! ஒடி! இன்னும்! என்ஜினை ஏத்து!"

ஒடித்தார். ஒரு நொடி யோசிக்கவில்லை. படகு சாய்ந்தது, ஒருத்தி வீறிட்டாள், கீழே பலகையில் கரகரவென்று ஓர் உரசல் எல்லார் கால் வழியாகவும் ஏறியது. பிறகு ஆழமான தண்ணீர். பக்கத்தில் நுரை கொதித்து அடங்கியது. அவள் குனிந்து பலகை இடுக்குகளைத் தடவினாள். கசிவு இல்லை. நிமிர்ந்து தலைகளை எண்ணினாள். எல்லாரும் இருந்தார்கள்.

மைக் பிடித்தவர் ஹெட்போனைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. "இவருக்குக் கண்ணு தெரியாதா?" என்றார் மெதுவாக.

அவள் ஏதோ ஒரு பொய்யைத் தேடினாள். ஒரு வருஷம் விடாமல் பேசிய வாய்க்கு ஒன்றும் அகப்படவில்லை.

"சரியாத் தெரியாது சார்" என்றார் கழுகு. "உங்களை இப்படிக் கூட்டிட்டு வந்தது என் தப்பு. எல்லாரும் மன்னிக்கணும்." பிறகு அவளிடம், "நீ சொல்லு" என்றார்.

திரும்பி வருகிற வழியில் கதை இல்லை. "இடது... போதும். நேரா. இன்னும் நேரா. எதிர்ல மிதவை, வலது கொஞ்சம்" என்று மட்டும் சொன்னாள். தூண்டில்கள் சுருட்டியபடியே கிடந்தன.

துறையில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, கழுகு கயிறு கட்டினார். அதற்குக் கண் வேண்டியதில்லை, விரல்களுக்கே தெரியும். அவள் பலகையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்துக் கொட்டினாள்.

"பன்னிரண்டு பேருங்க! ஒருத்தருக்கு ஒண்ணு ஆகியிருந்தா நாம சோறு தின்ன முடியுமா? வீம்பு, வீம்பு, வீம்பு! ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ ஏன் எங்கிட்ட கேட்கலை?"

வாயில் மிச்சமிருந்த இஞ்சியை அவள் தண்ணீரில் துப்பினாள்.

"நீ படகுல ஏறின அன்னிக்கே தெரியும்" என்றார், எதிர்ப் பலகையில் உட்கார்ந்து. "தண்ணியைக் கண்டா வாந்தி எடுக்கற பொம்பளை, வாயைத் திறக்காதவ, திடீர்னு கதை சொல்ல வந்தா புரியாதா? கண்ணுதான் போச்சு, மூளை போகலையே. நீ பேசற வரைக்கும் எனக்குப் பார்வை இருக்குன்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டேன். இன்னிக்கு நீ வாயை மூடினதும் ஒரே இருட்டு. பயந்துட்டேன்டி."

அவர் பயந்தேன் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லிட்டிருந்தது.

"டா போட்டு வேற கூப்பிட்டே" என்றார்.

"பாறை வருது, அப்ப போய் மரியாதை பார்ப்பாங்களா?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து என்ஜின் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நாளைக்குப் படகு கிடையாது. ஆபீசுல போய் நானே சொல்லிடறேன். நீ ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கு. ஒரு வருஷமா நீதானே ஓட்டிட்டு இருக்கே. அதுக்கப்புறம் நீ சுக்கான் பிடி, நான் பேசறேன்."

"கொடுக்கலைன்னா?"

"கொடுக்கலைன்னா கரையில உட்கார்ந்து பேசுவோம்."

"உங்களுக்கு என்ன பேசத் தெரியும்? உம், சரி, விடு, இந்த மூணு வார்த்தைதானே?"

"ஏன், தினமும் கேட்கறேனே" என்றார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். ஆளில்லாத பலகைகளைப் பார்த்துக் கையை வீசி நீட்டினார். "அதோ, கோபுரத்தைப் பாருங்க, மாமியாரைக் கண்ட மருமக மாதிரி..."

அவர் கை வெறும் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கரைப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள்.