கஞ்சி போட்ட துப்பாக்கிச் சட்டை

துப்பாக்கி சுடும் போட்டிக்குத் தனிச் சட்டை எதற்கு, அது உண்மையிலேயே உதவுமா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பார்கள். பள்ளி நாட்களில் ஏர் ரைஃபிள் சுட்டவள் என்று தெரிந்ததும் வருகிற கேள்வி அது. உதவும் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். அது இல்லாமல் சுட்டுப் பார்த்தவள் நான்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு. எங்கள் குடும்பத்தில் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. அப்பா லோரியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்தார்.

எங்கள் பள்ளியில் துப்பாக்கி சுடும் குழு இருந்தது. வசதியான பிள்ளைகள் சொந்தச் சட்டை வைத்திருந்தார்கள். எனக்குப் பள்ளியின் பொதுச் சட்டை. தடித்த கித்தான் துணி, தோளிலும் முழங்கையிலும் தோல் ஒட்டு. போட்டுக்கொண்டால் ஆமைபோல் இருக்கும். நின்றுகொண்டு சுடும்போது துப்பாக்கியின் கனத்தைத் தாங்க முதுகைப் பின்னால் வளைக்க வேண்டும். அந்த வளைவைச் சட்டையின் விறைப்புதான் பிடித்துக்கொள்ளும்.

மாநில அணிக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. தேர்வானால் கோலாலம்பூரில் போட்டி. தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் அத்தை வீடு வரைக்கும்தான் நான் அதுவரை போயிருந்தேன். ஆகவே அந்த மூன்றில் ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது, பசி மாதிரி. வீட்டில் நின்று பழகிக்கொள் என்று பயிற்சி ஆசிரியை சட்டையைக் கொடுத்தனுப்பினார்.

தேர்வுக்கு முதல் நாள், சனிக்கிழமை, டியூஷன் முடிந்து வந்தேன். நடைபாதைக் கம்பியில் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. மல்லிகை வாசம் அடித்தது.

"எத்தன பேரு வேர்வையோ, என்னா நாத்தம்," என்றார் அம்மா. "ஊற வெச்சி பிரஷ் போட்டேன். துணிக்குப் போடற வாசனத் தண்ணியும் ஊத்தி அலசிட்டேன். தொட்டுப் பாரு, மெத்துனு ஆயிருச்சி. இனி கழுத்த அறுக்காது."

தொட்டுப் பார்த்தேன். தலையணை உறை மாதிரி இருந்தது.

"மெத்துனு இருக்கக் கூடாதும்மா. அது பலகை மாதிரி நிக்கணும்."

"சட்டன்னா ஒடம்புக்கு சொகமாத்தானே இருக்கணும்?" என்று அம்மா கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கை துணியிலிருந்து இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில் சித்தப்பா வந்து சேர்ந்தார். டோபி கடையில் வேலை. பெரிய ஹோட்டல் சமையல்காரர்களின் வெள்ளைச் சட்டைகளெல்லாம் அவர் கைபட்டுத்தான் நிமிர்ந்து நிற்கின்றன என்பது அவருடைய கணிப்பு.

"வெறப்பா நிக்கணும், அவ்ளோதானே அண்ணி? இதுக்கு ஏன்லா ரெண்டு பேரும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கீங்க?"

வீட்டிலிருந்த பெரிய சட்டியில் மரவள்ளி மாவைக் காய்ச்சினார். சட்டையை முக்கி எடுத்தார், மின்விசிறிக்கு முன்னால் போட்டார், மறுபடியும் முக்கினார். எனக்காகத்தான் அந்த இரண்டாவது முக்கல். கடைசியில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி ஓட்டினார். ஞாயிறு காலை சட்டை நாற்காலியில் தானாக உட்கார்ந்திருந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளி போல. காலருக்குள் எறும்பு வரிசை போயிற்று.

"பாரு, ஒங்கப்பன் மாதிரியே இருக்கு," என்றார் சித்தப்பா. "யாரு சொன்னாலும் வளையாது."

அம்மா சிரித்தார். நேற்று மாலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

மூவரும் சித்தப்பாவின் வேனில் போனோம். சுடுவதற்கு முன்னால் ஆடைச் சோதனை உண்டு. துணியின் மேல் ஒரு சிறு எடை இறங்கும், துணி எவ்வளவு அமுங்குகிறது என்று முள் காட்டும். என் சட்டைக்கு முள் அசையவே இல்லை. சோதித்த மலாய் அக்கா மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"கெராஸ் சங்காட், டிக்," என்றார். மிகவும் விறைப்பு, தங்கச்சி. அளவுக்கு மேல் விறைத்த சட்டை ஆளுக்குப் பதிலாகத் தானே நின்றுவிடும், அதனால் அனுமதி இல்லை. நகத்தால் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்ன இது என்பது போல் நிமிர்ந்தார்.

"கஞ்சி, காக்," என்று பின்னாலிருந்து சித்தப்பா மலாயில் அக்கா முறை வைத்துப் பெருமையோடு சொன்னார்.

மலாயிலும் அதற்குக் கஞ்சி என்றே பெயர். அந்த அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டை மட்டும் மேசைக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டது. அம்மா துவைத்ததோடு விட்டிருந்தால் அது சோதனையில் தேறியிருக்கும்.

பள்ளி டீ-சட்டையோடு போய் நின்றேன். துப்பாக்கியைத் தூக்கியதும் முதுகுக்குப் பின்னால் யாருமே இல்லாதது போல் இருந்தது. என் இதயம் துடிப்பதைக் குறி வளையத்தில் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் கறுப்பு வட்டம் சற்றுத் துள்ளி அடங்கியது. அத்தனை நாளும் அந்தத் துடிப்பைத் துப்பாக்கிக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தது அந்தச் சட்டைதான். தொடக்கத்தில் குண்டுகள் எங்கெங்கோ போயின. பிறகு ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே விசையை அழுத்தப் பழகிக்கொண்டேன். முதுகு எரிந்தது. நான்காவதாக வந்தேன்.

வெளியே ஆசிரியை என் தோளைத் தட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மலாயும் சந்தைக்குப் போதுமான அளவுதான்.

"அந்தச் சட்ட நல்லா இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பியான்னு மிஸ்கிட்ட கேளு," என்றார் அம்மா.

கேட்டேன். ஆசிரியை சற்றுத் தயங்கினார். சட்டை குறி பார்ப்பதில்லை, ஆனால் முதுகைத் தாங்கும், நடுக்கத்தை அடக்கும், இவள் இன்று சுட்டதை வைத்துப் பார்த்தால், ஆம், முதல் மூவருக்குள் வந்திருப்பாள் என்றார். நான் மொழிபெயர்ப்பில் கெட்டிக்காரி. ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் தமிழில் சொன்னேன். தோற்றதைக்கூட ஒரு கணம் மறந்து, எவ்வளவு அழகாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "கஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சி அண்ணி, என் தப்புதான்," என்று வேனில் சித்தப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார். அம்மா சன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து சீருடையைக் கழற்றி வாளியில் போட்டேன். அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார்.

"இதத் தொவைக்கலாமா? இல்ல, இப்படியே இருக்கணுமா?"

சாதாரணப் பள்ளிச் சீருடை. துவைக்கலாம் என்றேன். அதன்பின் என் புத்தகப்பை, ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி, விடுதியிலிருந்து கொண்டுவரும் துணி மூட்டை என்று எதைத் தொடும் முன்னும் அம்மா கேட்டார். அதுவரை அவர் எதற்கும் என்னிடம் கேட்டதே இல்லை.

எனக்கு ஒரே பெருமை. அம்மா என்னிடம் கேட்டுத்தான் எதையும் செய்வார் என்று பள்ளியில் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.